வாடகை இஎம்ஐயைக் கட்டிவிடாது

“சென்னையில் 60 லட்சத்துக்குப் பழைய ஃபிளாட், வாடகை 18,000. வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடும், வட்டி முழுக்க வரியில் கழிந்துவிடும்” என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. நம்பி இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்த அளவுக் கடனுக்கு வங்கி 80 சதவீதத்துக்கு மேல் தராது, அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சத்தோடு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% சேர்ந்தால் கைக்காசு 17.4 லட்சம். 8.5% வட்டி, 20 வருடம் என்றால் இஎம்ஐ 41,655. முதல் தவணையில் 34,000 வட்டிக்கே போகும். அசல் குறைவது 7,655தான்.

வருடத்தில் ஒரு மாதம் வீடு காலி, சொத்து வரி, பெயின்ட், ரிப்பேருக்கு 18,000 என்று கழித்தால் மாதம் 15,000தான் நிற்கும். மீதி 26,655 உங்கள் சம்பளத்திலிருந்து.

முதல் வருட வட்டி மட்டும் சுமார் 4.04 லட்சம். புதிய வரிமுறையில் அதை வாடகை வருமானத்தில்தான் கழிக்கலாம், மிஞ்சும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க வழியே இல்லை. பழைய முறையிலும் அப்படிக் கழிக்க வருடத்துக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அதே பிளாக்கில் குடியிருப்பவர்களிடம் வாடகையை விசாரியுங்கள். புரோக்கர் சொல்லும் தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.