சிறியது என்பது மட்டும் காரணமில்லை

வெள்ளி நானோ துகள்கள் (கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் பொடி) மிகச் சிறியவை என்பதால்தான் செல்லைக் கொல்கின்றன என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. பாதிதான் சரி. அதே அளவுள்ள தங்கத் துகளும் செல்லுக்குள் போகிறது, ஆனால் பொதுவாக அவ்வளவு சேதம் செய்வதில்லை. விஷயம் கரைவதில் இருக்கிறது. செல் துகளை விழுங்கி, தன் செரிமானப் பையான லைசோசோமுக்கு அனுப்புகிறது. அங்கே நல்ல புளிப்பு, அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் 5-க்குப் பக்கத்தில். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்த கதைதான்! கரைந்து வரும் வெள்ளி அயனிகள் (மின்னூட்டம் கொண்ட வெள்ளி அணுக்கள்) கந்தகமுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். செல்லைக் காக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் தீர்ந்துபோகும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறும், டிஎன்ஏ வரை அடி விழும். துத்தநாக ஆக்சைடு நானோ துகளும் ஏறக்குறைய இதே வழிதான்.

படிக்கும்போது ஆய்வகத்தில் பார்த்திருக்கிறேன். தட்டில் நன்றாக ஒட்டிப் படர்ந்திருந்த செல்கள், வெள்ளித் துகள் சேர்த்த மறுநாள் உருண்டு திரண்டு மிதந்தன. செல் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு சாயத்தை வைத்துப் பார்ப்பது எம்டிடி சோதனை; அதில் உயிருள்ள செல் ஊதா நிறம் காட்டவேண்டும். எங்கள் தட்டின் குழிகளில் வெளிர் மஞ்சள்தான். (சில உலோகத் துகள்கள் அந்தச் சாயத்தோடு தாங்களே வினைபுரிந்து ஏமாற்றும், அது தனிக் கதை.)

அப்புறம், வெள்ளி சேர்த்த, நாற்றம் வராத சாக்ஸ் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். 2008-இல் அமெரிக்காவின் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் அவற்றைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில சாக்ஸில் இருந்த வெள்ளி நாலே அலசலில் கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது.