அது டூரிஸ்ட் பாட்டு இல்லை சாமி!

லண்டனுக்குப் போகிறீர்களா, தாராளமாகப் போங்கள். சிவப்பு பஸ், டவர் பிரிட்ஜ், கையில் காபிக் கோப்பை, எதை வேண்டுமானாலும் ரீலாகப் போடுங்கள். பின்னணியில் மட்டும் தி கிளாஷ் என்ற லண்டன் பங்க் ராக் குழுவின் 'லண்டன் காலிங்' பாட்டைப் போடாதீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். போனைத் திறந்தால் போதும், ஹீத்ரோவில் சூட்கேஸ் உருட்டுகிறவருக்கும் அதே கிடார், லண்டன் ஐ ராட்டினத்தில் பல்லைக் காட்டுகிறவருக்கும் அதே கிடார். காது புளித்துவிட்டது.

ஒரு தடவையாவது அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டிருக்கிறீர்களா? தூரத்து ஊர்களையெல்லாம் லண்டன் கூப்பிடுகிறது என்று குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் ஆரம்பிக்கிறார். எதற்குக் கூப்பிடுகிறதாம்? போர் மூண்டுவிட்டது என்று சொல்ல! அந்த வார்த்தை வருவதற்குள் கத்தரித்துவிட்டு பிக் பென்னுக்குத் தாவிவிடுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் இந்த ஊரில் கொண்டாட்டமெல்லாம் கிடையாது, போலீஸ் தடி சுழல்வதுதான் உண்டு என்று வேறு நக்கலடிக்கிறார். அதை யார் கேட்டது?

1979இல் வந்த பாட்டு. அந்த வருடம் மார்ச்சில்தான் அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து. தேம்ஸ் பொங்கினால் லண்டன் முழுகிவிடும் என்ற பயம் வேறு. வெள்ளத்தைத் தடுக்கும் தேம்ஸ் பேரியர் அப்போது கட்டி முடியவில்லை. அத்தனை கிலியும் பாட்டில் இருக்கிறது. கடைசியில் கிடார், மோர்ஸ் தந்தி மாதிரி எஸ்.ஓ.எஸ்., அதாவது 'ஆபத்து, காப்பாற்றுங்கள்' என்று தட்டிக்கொண்டே அடங்குகிறது. இதைப் போய் ஊர் சுற்றும் வீடியோவுக்குப் போடுவது, ஒப்பாரியைக் கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் கட்டிப் போடுவதுதான்.

சரி, பாட்டுதான் புரியவில்லை. அதன் வீடியோவையாவது பார்த்தீர்களா? டிசம்பர் ராத்திரி, பேட்டர்ஸீ பார்க் ஓரம், தேம்ஸ் மேலேயே நின்று வாசிக்கிறார்கள். எடுத்தவர் டான் லெட்ஸ். மனிதருக்கு நீச்சல் தெரியாது. தேம்ஸில் கடல் ஓதம் ஏறி இறங்கும் என்பதும் தெரியாது. கேமராவைப் படகில் வைத்தார். தண்ணீர் வற்றிப் படகு பல அடி கீழே இறங்கிவிட்டது. போதாததற்கு நீரோட்டம் அதைத் தள்ளிக்கொண்டே போகிறது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வேறு யாராவது இருந்தால் மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்கள் நாலு பேரும் கறுப்பு உடையில் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு அடித்து நொறுக்கினார்கள். ஆறு ஊரை விழுங்கப்போகிறது என்று பாடுகிறவர்களுக்கு அந்த ஆறே வந்து செட் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. சிரித்த முகம் ஒன்று இல்லை, வெயில் ஒரு பொட்டு இல்லை. இதில் எங்கே தெரிந்தது உங்களுக்குச் சுற்றுலா?

ரீல் போடுகிறவர்களை மட்டும் திட்டி என்ன பண்ண. பெரிய இடத்திலேயே இந்தக் கூத்து நடந்தாகிவிட்டது. 2002இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஹீரோ விமானத்தில் லண்டன் வரும்போது இதே பாட்டு. அதே வருடம் ஜாகுவார் கார் விளம்பரத்துக்கும் இதுதான். 2012 ஒலிம்பிக்ஸ் விளம்பரத்திலும் விடவில்லை. உரிமை வைத்திருக்கிறவர்கள் கையெழுத்துப் போடாமல் இதெல்லாம் நடக்காது, அந்த எரிச்சல் தனி. ஊர் நாசமாகப் போகிறது என்று கத்தின பாட்டை அந்த ஊரே தன் விளம்பரத்துக்கு வைத்துக்கொண்டால் அதைவிட வேறென்ன கேலி வேண்டும்?

லண்டன் அழகாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே? தி கிங்க்ஸ் என்ற இன்னொரு லண்டன் குழு 1967இலேயே 'வாட்டர்லூ சன்செட்' பாடி வைத்திருக்கிறது. அதே தேம்ஸ், சாயங்கால வெயில், ஒரு ஜோடி, எல்லாம் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதையாவது பாதியில் வெட்டாமல் போடுங்கள்.