"படேல் மோட்டலா, வேண்டாம்ப்பா!"

லீவு நெருங்கினால் எங்கள் வாட்ஸப் குழுவில் தவறாமல் வருகிற கேள்வி இது. டல்லாஸிலிருந்து கிராண்ட் கேன்யனுக்குக் காரிலேயே போகிறோம், நடுவில் ராத்திரி எங்கே தங்கலாம்? ஆளாளுக்கு அமரில்லோ, அல்புகர்க்கி என்பார்கள். நான் டுகும்காரி என்பேன். உடனே யாராவது கூகுளில் தட்டிப் பார்த்துவிட்டு, "அங்க எல்லாம் பழைய மோட்டலா இருக்கே, ஏதாவது படேல் மோட்டலா இருக்கும், வேண்டாம்ப்பா" என்று முடித்துவிடுவார்கள். எச்1பி வேலை விசாவில் வந்து லேப்டாப் தட்டுகிற நமக்கு, காரில் வருகிறவர்கள் தங்குகிற சாலையோர விடுதியான மோட்டலை நடத்துகிற இந்தியன் மேல், அதிலும் படேல் என்ற பெயருள்ள குஜராத்திக்காரர்கள் மேல், அப்படியொரு இளப்பம். எனக்கு இது பிடிக்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டுகும்காரி, நியூ மெக்சிகோவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற சின்ன ஊர். ஐயாயிரத்துச் சொச்சம் பேர். டெக்சாஸ் எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போவதால், களைத்துப் போய்ச் சேர்ந்தாலும் கையில் கொஞ்சம் சாயங்காலம் மிச்சமிருக்கும். 1926-ல் சிகாகோவையும் லாஸ் ஏஞ்சலஸையும் இணைத்துப் போட்ட ரூட் 66 இந்த ஊரின் நடுவாகப் போனது. "டுகும்காரி டுநைட்! 2000 மோட்டல் ரூம்ஸ்" என்று வழி நெடுகப் பலகை வைத்து ஆள் பிடித்த ஊர் இது. பிறகு இன்டர்ஸ்டேட் என்கிற பெரிய விரைவுச் சாலைகள் வந்தன. அவற்றில் ஒன்றான ஐ-40 ஊரை ஒதுக்கிக்கொண்டு போயிற்று. 1985-ல் ரூட் 66 என்ற எண்ணையே அரசாங்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்று அந்த மெயின் ரோட்டில் போனால், ஜன்னலுக்குப் பலகை அடித்த மோட்டல்களைத் தாண்டித்தான் விளக்கெரிகிற மோட்டலுக்கு வரவேண்டும்.

அப்படி எரிகிற விளக்குகளில் பிரபலமானது புளூ ஸ்வாலோ. 1939-ல் கட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு அறைக்கும் பக்கத்திலேயே காருக்கு ஒரு கொட்டகை. வாசலில் நீலக் குருவி போட்ட நியான் பலகை, அதன் கீழே "100% ரெஃப்ரிஜரேட்டட் ஏர்". பாலைவனத்து வெயிலில் வந்தவனுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் என்ன வேண்டும்? 1958-ல் ஃபிளாய்ட் ரெட்மன் என்பவர் இதை வாங்கி, தான் கட்டிக்கொள்ளப்போகிற லில்லியனுக்கு நிச்சயதார்த்தப் பரிசாகக் கொடுத்தார். (நம் ஊரில் மோதிரத்துக்கே மூக்கால் அழுவோம்.) அந்தம்மா 1998 வரை அதை நடத்தினார். கையில் காசில்லாமல் வந்தவர்களிடம் ஏதாவது பொருளை வாங்கிக்கொண்டு அறை கொடுப்பார்களாம், சில நேரம் சும்மாவே கொடுப்பார்களாம்.

அமெரிக்காவில் "குடும்பம் நடத்தும் பழைய மோட்டல்" என்றால் எல்லோரும் இப்படிப்பட்ட கதையைத்தான் சொல்கிறார்கள். அழகான கதைதான், ஆனால் பாதிக் கதை. அந்தப் பொற்காலத்தில் கறுப்பர்களுக்குப் பல மோட்டல்களில் இடம் கிடையாது. எந்த ஊரில் யார் அறை கொடுப்பார்கள் என்று பார்க்க, 1936 முதல் வெளிவந்த கிரீன் புக் என்ற கையேட்டை வைத்துக்கொண்டுதான் அவர்கள் பயணம் போனார்கள். அடுத்து, இன்டர்ஸ்டேட் வந்து வியாபாரம் படுத்த பிறகு, பிள்ளைகள் எங்களுக்கு வேண்டாம் என்று கைவிட்ட மோட்டல்களை வாங்கி விளக்கை அணையாமல் வைத்தது யார்? நாம் முகம் சுளிக்கிற அந்தப் படேல்கள்தான்.

1965-ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறி, இந்தியர்கள் வர வழி திறந்தது. 1972-ல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களைத் துரத்தினார். 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து மோட்டல் விலை விழுந்தது. குஜராத்திக் குடும்பங்களுக்குக் கணக்குச் சரியாக வந்தது. மோட்டல் வாங்கினால் குடியிருக்க வீடும் ஆயிற்று, தொழிலும் ஆயிற்று. முன்பணத்துக்குச் சொந்தக்காரர்கள் பத்திரமில்லாமல் கைமாற்றுக் கொடுப்பார்கள். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. அப்பா குழாய் சரி பார்ப்பார், அம்மா படுக்கை மாற்றுவார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து துண்டு மடிப்பார்கள். பக்கத்து மோட்டல்காரன் "அமெரிக்கன் ஓன்ட்" (அமெரிக்கருக்குச் சொந்தம்) என்று வாசலில் பலகை வைப்பான். 'இது இந்தியனுடையது இல்லை' என்று அர்த்தம், அது எல்லோருக்கும் தெரியும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் இந்தியப் பெயரைப் பார்த்தால் பின்வாங்கின. அதை எதிர்த்து ஒன்று சேர்ந்தவர்கள்தான் கடைசியில் 1989-ல் ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம் ஆனார்கள். இன்று அமெரிக்க ஹோட்டல்களில் சுமார் 60 சதவீதம் தங்கள் உறுப்பினர்களுடையது என்கிறது அந்தச் சங்கம்.

அறுபது சதவீதம்! அதாவது, "படேல் மோட்டல் வேண்டாம்" என்று நீங்கள் விரைவுச் சாலையை விட்டு இறங்குகிற எக்ஸிட் பக்கத்தில் போய்த் தங்குகிற பளபள செயின் ஹோட்டலும் அநேகமாக ஒரு படேலுடையதுதான். பெயர்ப்பலகை மட்டும்தான் கம்பெனியுடையது. பேங்க் கடனும் தூக்கம் கெடுவதும் குடும்பத்துக்கு. வருமானத்தில் ஒரு பங்கைப் பெயருக்கு ராயல்ட்டியாகக் கட்டுகிறார்கள். கம்பளம் என்ன நிறம், காலையில் வாஃபிள் மெஷின் எங்கே இருக்க வேண்டும் என்பது வரை கம்பெனி சொல்கிறபடிதான்.

நாங்கள் டுகும்காரியில் தங்கியது ஒரு குஜராத்திக் குடும்பத்தின் சின்ன மோட்டலில். பெயர் வேண்டாமே. கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு கதவு, அதற்குள்ளேயே அவர்கள் வீடு. கடுகும் பெருங்காயமும் தாளிக்கிற வாசனை ஆபீஸ் வரை வந்துகொண்டிருந்தது. மணிச் சத்தம் கேட்டு வந்த ஆன்ட்டி கதவை இழுத்துச் சாத்தப் போனார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார், கதவு திறந்தபடியே கிடந்தது. வாடிக்கையாளருக்குச் சமையல் வாசனை தெரியக்கூடாது என்று எத்தனை வருஷம் சாத்தியிருப்பாரோ. சின்னவன் என் தோளில் தூங்கி வழிவதைப் பார்த்து, கம்ப்யூட்டர் காட்டிய அறையை மாற்றினார். "பின்னாடி ரயில் சத்தம் கேட்கும், பேட்டா தூங்கமாட்டான், முன்பக்கம் தர்றேன்" என்று பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். ஷவர் கைப்பிடி ஆடுகிறது என்று போன் செய்தேன். அங்கிளே ஸ்பேனரும் டார்ச்சுமாக வந்து முடுக்கிவிட்டுப் போனார். டிக்கெட் நம்பர் இல்லை, "உங்கள் அனுபவம் எப்படி" என்று ஈமெயிலும் இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஏசி சுவரில் கடகடத்துக்கொண்டே இருந்தது. வெந்நீர் வருவதற்குள் பல் தேய்த்து முடித்துவிடலாம். துண்டு நம் தீபாவளித் துண்டில் பாதி. ஆனால் விரிப்பு மொடமொடவென்று சுத்தம்.

எல்லாப் பழைய மோட்டலும் இப்படி இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். மோசமானவையும் உண்டு, வீடில்லாதவர்கள் வார வாடகைக்கு ஒதுங்குகிற இடங்களாக ஆகிவிட்டவையும் உண்டு. ஆறு மாதத்துக்குள் எழுதிய ரிவ்யூக்களை மட்டும் படியுங்கள். அறைக்குள் போனதும் பெட்டியை இறக்கும் முன் மெத்தை ஓரத்தைத் தூக்கி மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இதை ஐந்து நட்சத்திர ஹோட்டலிலும் செய்யலாம், தப்பில்லை.

"குடும்பத் தொழில், எவ்வளவு அன்பு" என்று உருகுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த அன்புக்கு விலை அவர்கள் கொடுக்கிறார்கள். சொந்தத்தில் கல்யாணம் என்றால்கூட வீட்டில் எல்லோரும் சேர்ந்து போக முடியாது, ஒருவர் கவுன்ட்டரில் இருந்தாக வேண்டும். ஆன்ட்டியின் மகள் ஹூஸ்டனில் பார்மசிஸ்ட். மோட்டலை எடுத்துக்கொள்ள வருவாளா என்று கேட்டேன். சிரித்தார், "அவ ஏன் வரணும்?" என்றார். சரியான கேள்விதான். ஆளில்லாமல் போனால் விற்றுவிடுவார்கள், இல்லை பலகை அடிப்பார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அந்தப் பெண் துண்டு மடிக்கத் திரும்பி வர வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

நடக்கிற வரை போய்த் தங்கலாம், அவ்வளவுதான். ஆப்பில் புக் செய்யாமல் நேராகப் போன் செய்யுங்கள். ஆப்காரர்கள் 15 சதவீதமும் அதற்கு மேலும் கமிஷன் பிடிக்கிறார்கள். போன் செய்தால் முன்பக்க அறை வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

"பிரேக்ஃபாஸ்ட் உண்டா?" என்று கமென்ட்டில் கேட்கப்போகிறவர்களுக்கு: நாங்கள் தங்கியதில் கிடையாது. அதே ரோட்டில் டைனர்கள் (சின்ன சாப்பாட்டுக் கடைகள்) இருக்கின்றன. "ரெட் ஆர் கிரீன்?" என்று கேட்டால் எந்த மிளகாய் சாஸ் வேண்டும் என்று அர்த்தம். இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும். சைவக்காரர்கள் பன்றி இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், பல இடங்களில் சேர்ப்பார்கள்.