மிக்கேல் தோனெட் 1853இல் எடுத்த முடிவு

மிக்கேல் தோனெட் என்ற ஜெர்மானியத் தச்சரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவர் செய்த நாற்காலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சென்னையில் மரப்பட்டறை நடத்தும் குடும்பத்தில் பிறந்த எனக்கோ, அவர் 1853இல் எடுத்த ஒரு முடிவுதான் அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய செயலாகப் படுகிறது. அந்த ஆண்டில், 57ஆம் வயதில், தொழிலைத் தம் ஐந்து மகன்களின் பெயருக்கு மாற்றி, 'தோனெட் சகோதரர்கள்' என்று நிறுவனத்தைப் பதிவு செய்தார்.

அந்த முடிவின் அருமை தெரிய, அதற்கு முன் அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். ரைன் நதிக்கரையிலுள்ள பொப்பார்ட் என்ற ஊரில் 1796இல் பிறந்த அவர், 1819இல் அங்கேயே சொந்தப் பட்டறை தொடங்கினார். நாற்காலியின் வளைவுகளைக் கட்டையிலிருந்து செதுக்கி எடுத்தால் மரமும் வீணாகும், இழை குறுக்கே வெட்டுப்பட்டு வலுவும் குறையும் என்பதால், மெல்லிய மரத்தகடுகளைப் பசையில் வேகவைத்து அச்சில் வளைக்கும் முறையை 1830களில் வளர்த்தெடுத்தார். 1841இல் கோப்ளென்ஸ் கண்காட்சியில் அந்த வேலையைக் கண்ட ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் அவரை வியன்னாவுக்கு அழைத்தார். ஆனால் வெளிநாடுகளில் காப்புரிமை பெறுவதற்காக வாங்கிய கடனுக்கு, ஊரிலிருந்த உடைமைகள் ஜப்தியாயின. ஊரில் முதலாளியாக இருந்தவர், வியன்னாவில் லீக்டென்ஸ்டைன் அரண்மனையின் மரத்தரை வேலையில் இன்னொருவரின் கீழ் மகன்களோடு உழைத்தார். மறுபடி சொந்தப் பட்டறை வைக்க 1849 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்படி இழந்து மீட்ட தொழிலை, நான்கே ஆண்டுகளில் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுக்க எத்தனை தகப்பன்மாருக்கு மனம் வரும்?

அப்போது அவருடைய பெரிய வெற்றி இன்னும் வந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். பசையால் ஒட்டிய நாற்காலிகள், வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்குக் கப்பலில் போனபோது பசை விட்டுப் பிரிந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளைவுட் அலமாரியின் அடிப்பலகை ஊதிப் பிரிவதைக் கண்ட சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே முழு மரத்தையே வளைக்க வேண்டியிருந்தது. பீச் (beech) என்ற ஐரோப்பியக் காட்டு மரத்தின் கழியை நீராவியில் இளக்கி வளைத்தால் உள்பக்கம் ஒடுங்கிக்கொடுக்கும்; வெளிப்பக்கமோ அந்த அளவுக்கு நீள முடியாமல் பிளந்துவிடும். அந்த வெளிப்பக்கத்தில் ஓர் உலோகப் பட்டையை இறுகப் பொருத்தி, இரண்டையும் சேர்த்தே வளைத்தார்கள். பட்டை நீள விடாததால் மரம் முழுவதும் ஒடுங்க மட்டுமே செய்தது, பிளவு நின்றது. மரத்தைக் கையால் அறிந்தவருக்கே தோன்றக்கூடிய தீர்வு இது என்று உளி பிடித்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். இதற்கான உரிமம் 1856இல்தான் கிடைத்தது. அதையடுத்து, இன்றைய செக் நாட்டிலுள்ள கோரிச்சானியில், பீச் காடுகளுக்கு அருகே தொழிற்சாலை எழுந்தது. 1859இல் வந்த 14ஆம் எண் நாற்காலியில் ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள் மட்டுமே. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. 1930க்குள் ஐந்து கோடி விற்றதாகச் சொல்லப்படும் அந்த நாற்காலி, பிள்ளைகள் உரிமையாளர்களான பிறகு பிறந்தது.

இதைச் சென்னையின் சிறு பட்டறைகளோடு வைத்துப் பார்க்கிறேன். மின் இணைப்பு, ஜி.எஸ்.டி. பதிவு, வங்கிக் கணக்கு, மரக்கடையில் கடன் சொல்லும் உரிமை, எல்லாம் தகப்பனார் பெயரில் இருக்கும். மகன் இருபது வயதில் வேலைக்கு வந்து முப்பத்தைந்து வரையிலும் கைச்செலவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டிருப்பான். புதிய இயந்திரம் வாங்க வங்கிக்குப் போனால் அவன் பெயரில் எந்தக் காகிதமும் இருக்காது. ஒரு நாள் மாடுலர் கிச்சன் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்துவிடுவான். இளைஞர்களுக்குக் கைத்தொழிலில் நாட்டமில்லை என்று பெரியவர்கள் வருந்துவதைக் கேட்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. நாட்டத்தோடு வந்தவனைப் பங்காளி ஆக்காமல் கூலியாளாகவே வைத்திருந்ததுதான் அவனை வெளியே அனுப்பியது.

பெரியவர்களின் அச்சத்தையும் நான் தள்ளிவிடவில்லை. எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளைகள் மதிப்பார்களா என்ற கேள்வி வெறும் கற்பனை அன்று. அதனால் நொந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் தோனெட் ஒப்படைத்துவிட்டு மூலையில் உட்காரவில்லை. கோரிச்சானித் தொழிற்சாலையின் அமைப்பிலும் அதற்கான இயந்திரங்களிலும் அவர் கைவேலை இருந்தது; 1871இல் இறக்கும்வரை அந்தத் தொழிலின் தலைவராகவே மதிக்கப்பட்டார். எங்கள் பட்டறையைத் தொடங்கிய அப்பாவும், இழைப்புளி பிடிக்கும் தெம்பு இருக்கும்போதே, அண்ணனையும் தங்கையையும் என்னையும் கூட்டாளிகளாக்கிப் பத்திரம் எழுதினார். அண்ணன் பலகை அறுக்கும் புதிய இயந்திரத்துக்குத் தன் பெயரிலேயே கடன் பெற முடிந்தது அதனால்தான். வால்டாக்ஸ் சாலையில் மரம் எடுக்கப் போனால் இன்றும் அப்பா தட்டிப் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. அந்த மதிப்பு பத்திரத்தால் குறையவில்லை.

தங்கையைச் சேர்த்ததைச் சிலர் விந்தையாகப் பார்த்தார்கள். தோனெட்டின் தொழிற்சாலைகளில் பிரம்பு பின்னுவதையும் மெருகேற்றுவதையும் பெண்கள் செய்தார்கள்; உரிமை மட்டும் சகோதரர்களுக்கே இருந்தது. அந்த ஓர் இடத்தில் அவரைப் பின்பற்றக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989லேயே நடைமுறைக்கு வந்தது, மத்தியச் சட்டத்துக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே. ஆனால் தகப்பன் தன் உழைப்பால் உண்டாக்கிய பட்டறையின் பங்கை அவர் மனம் வைத்துத்தான் எழுத வேண்டும். எங்கள் பட்டறையில் அளவெடுத்து வரைபடம் போடுவதும் விலைப்பட்டியல் தயாரிப்பதும் தங்கைதான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெண் கணக்கெழுதிக்கொண்டிருந்தால், கூட்டாண்மைப் பத்திரம் எழுதும் நாளில் அவள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.