விண்ணப்பத்துக்காகக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை

விலையுயர்ந்த புற்றுநோய் ஊசி மருந்துக்கு, நோயாளருக்குப் பண உதவி வழங்கும் இலங்கை ஜனாதிபதி நிதியத்தின் உதவியைக் கோருபவர்கள் கொழும்புக்கு நேரில் சென்றே விண்ணப்பிக்க வேண்டும் என்றும், இயலாதவர்கள் தரகர் ஒருவரிடம் கொடுத்தனுப்பலாம் என்றும் ஒரு நண்பர் தமது பதிவில் எழுதியிருக்கிறார். முன்னர் அந்த அலைச்சல் இருந்தது. மருத்துவ அறிக்கைகளை மடியில் வைத்துக்கொண்டு திருகோணமலையிலிருந்து இரவு ரயிலேறியவர்களை நானும் அறிவேன். ஆனால் 2025 பெப்ரவரியில் நிதியத்தின் சேவைகள் பிரதேச செயலகங்களுக்குப் பரவலாக்கப்பட்டுவிட்டதால், திருகோணமலை நகரில் வசிப்பவர்கள் ‘பட்டணமும் சூழலும்’ பிரதேச செயலகத்திலும், மூதூர், கிண்ணியா, குச்சவெளி மக்கள் தத்தம் பிரதேச செயலகங்களிலும் விண்ணப்பத்தைக் கையளிக்கலாம்.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் பிரதேச செயலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, ஜனாதிபதி நிதிய மருத்துவ உதவி விண்ணப்பத்தை எந்தக் கருமபீடத்தில் ஏற்கிறார்கள், எந்தெந்த ஆவணங்கள் வேண்டும் என்று கேளுங்கள். நிதியத்தின் உத்தியோகபூர்வ இணையதளத்திலும் இதைச் சரிபார்க்கலாம். உதவித்தொகை நோய்க்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ப மாறும் என்பதால், முழுச் செலவும் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பத்தைக் கையளிக்கத் தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பதை மட்டுமே சொல்கிறேன். நண்பர் தமது பதிவைத் திருத்தினால் நல்லது.