நான்-டீடெயிலைத் தூக்கச் சொல்பவர்களுக்கு

ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் பயிற்சியாளர் மேடையில் பேசிய அந்த வீடியோவை எனக்கு அனுப்பாதவர்கள் பாக்கி இல்லை. பார்த்துவிட்டேன், போதும். "கதை படிச்சு எவனுக்கு வேலை கிடைச்சுது? காலேஜ் இங்கிலீஷ்ல இருந்து கதை, கவிதை எல்லாத்தையும் தூக்கிட்டு ஸ்போக்கன் இங்கிலீஷ் வைங்க" என்கிறார் அவர். ஆங்கிலப் பாடத்தோடு கூடுதலாக வைக்கும் கதைப் புத்தகம், நாம் நான்-டீடெயில் என்போமே, அதைத்தான் தூக்கச் சொல்கிறார். அவர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன்வரிசையில் இருந்த ஆங்கிலத் துறைக்காரர்களே கை தட்டினார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

வேற்று மொழியில் வாய் திறக்க வேண்டுமென்றால், முதலில் சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். கதை அதைக் கொடுக்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் பாடத்தில் வரும் 'வங்கியில் ஓர் உரையாடல்' கொடுப்பதில்லை.

அந்தப் பாடத்தையும் நான் நடத்துகிறேன். ஒருவன் வாடிக்கையாளர், ஒருவன் மேனேஜர், இருவரும் மனப்பாடம். எங்கள் ஊர் வங்கியில் எந்தப் பையன் ஆங்கிலத்தில் கணக்குத் தொடங்கப் போகிறான்? கவுன்டரில் இருப்பவரும் தமிழில்தான் பேசுவார். அது அவனுக்கே தெரியும். ஒப்பித்து முடித்து உட்காரும்போதே பாதி மறந்திருக்கும்.

ஓ. ஹென்றியின் 'ஆஃப்டர் ட்வென்டி இயர்ஸ்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷம் கழித்து இதே இடத்தில் சந்திப்போம் என்று பிரிந்த இரண்டு நண்பர்கள். சொன்ன நேரத்துக்கு பாப் வந்து நிற்கிறான், போலீஸ் தேடும் ஆளாக. ஜிம்மி போலீஸ்காரன் ஆகியிருக்கிறான். பாப் சுருட்டுப் பற்றவைக்கும் வெளிச்சத்தில் அவன் முகத்தை ஜிம்மி பார்த்துவிடுகிறான். தன் கையால் பிடிக்க மனம் வராமல் வேறொருவரை அனுப்பிப் பிடிக்க வைக்கிறான், கூடவே ஒரு சீட்டும். அந்தச் சீட்டைப் பிரிக்கிற இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். புத்தகத்தை மூடச் சொல்லி, என்ன எழுதியிருக்கும் என்று கேட்பேன். அப்புறம்தான் வாசிப்போம்.

ஒரு வருஷம், சீட்டை வாசித்து முடித்ததும் கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்தான். அதுவரை "எஸ் மேம்" தவிர அவன் வாயில் இருந்து ஆங்கிலமே வந்ததில்லை. "மேம், ஜிம்மி ஷுட் டோல்ட் ஹிம். ஹி இஸ் ஃப்ரெண்ட், நோ?" என்றான், கிட்டத்தட்டக் கோபமாக. முன் பெஞ்சுப் பெண் திரும்பி, "ஹி இஸ் போலீஸ். டியூட்டி" என்று மடக்கினாள். நான் "ஷுட் ஹாவ் டோல்ட்" என்று மட்டும் எடுத்துக் கொடுத்தேன். மணி அடிக்கும்வரை வகுப்பே அதை வைத்துச் சண்டை போட்டது. ஷுட் ஹாவ் வார்ன்ட், ஷுட் நாட் ஹாவ் கம். இலக்கணப் பயிற்சித் தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பும்போது வராத வாக்கியம், ஒரு நண்பனுக்காக வாதாடும்போது வந்தது.

"இது உங்கள் அனுபவம் மேடம், ஆதாரம் எங்கே?" என்பீர்கள். இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஃபிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளில் வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் குழந்தைகளின் வகுப்புகளுக்கு 250 கதைப் புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டே மாதத்தில் அந்தக் குழந்தைகள் படிப்பதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு முன்னேறினார்கள். 1983-ல் வெளியான ஆய்வு.

கதையின் ஆங்கிலம் கடினம் என்கிறீர்களா? 1920-களிலேயே டாக்காவில் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆசிரியர், வங்காளப் பிள்ளைகளுக்காக எளிய சொற்களில் வாசிப்புப் புத்தகங்கள் எழுதினார். நம் பக்கத்திலேயே நடந்த வேலை இது. நேரம் இல்லை என்பதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்கும் நேரம் இல்லை. கைடு வாங்கிக் கதைச்சுருக்கத்தை மனப்பாடம் செய்கிறார்களாம். செய்யத்தான் செய்வார்கள், 'கதையைச் சுருக்கி எழுதுக' என்றே வருஷா வருஷம் கேட்டால். கேள்வித்தாளை மாற்றுங்கள். கதையை ஏன் தூக்குகிறீர்கள்?

"முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு வேலைதான் வேண்டும், இலக்கியம் எதற்கு?" இதைச் சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்களாம். சரி, நானும் முதல் தலைமுறைதான். என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. என் வீட்டுக்கு வந்த முதல் ஆங்கிலக் கதைப் புத்தகம் என் நான்-டீடெயில். அம்மா அதற்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டுக் கொடுத்தார். அந்தப் புத்தகத்தையும் பிடுங்கியிருந்தால் எனக்கு வேறு எங்கே கிடைத்திருக்கும்? ஊரில் நூலகம் இருந்தது, ஆங்கில அலமாரி இல்லை.

நகரத்துப் பெரிய பள்ளிகளில் ஆங்கில வகுப்பில் முழு நாடகம் படிக்கிறார்கள், முழு நாவல் படிக்கிறார்கள். அங்கே போய் யாரும் "கதை படிச்சு எவனுக்கு வேலை கிடைச்சுது" என்று கேட்பதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு யோசிக்க ஆங்கிலம், என் பிள்ளைகளுக்கு மட்டும் "ஹவ் மே ஐ ஹெல்ப் யூ" ஆங்கிலமா? கிராமத்துப் பையன் ஆங்கிலத்தில் பணிவாகப் பேசினால் போதும், வாதாட வேண்டாம் என்று யார் முடிவு செய்தது? இந்தக் கேள்விக்குக் கை தட்டியவர்கள் பதில் சொல்லட்டும்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் கதைகளை எடுக்கும் பேச்சு வரப்போகிறது. நான் எதிர்த்துப் பேசுவேன். என்னிடம் படித்தவர்கள், எந்தக் கதை இன்னும் நினைவில் இருக்கிறது, ஏன் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், தப்பு வந்தால் வரட்டும். அச்சடித்துக் கொண்டுபோய் மேஜையில் வைக்கிறேன்.