பொள்ளாச்சிக் கடைவீதியின் பழைய ஓட்டல் கட்டடம்: மூடுவதற்கு முன் ஒரு வேண்டுகோள்

பொள்ளாச்சிக் கடைவீதியிலுள்ள பழைய ஓட்டல் ஒன்றின் முகப்பை அலுமினியத் தகடுகளால் மூடி, உள்ளே புதிய டைல்ஸ் பதிக்கப்போகிறார்கள் என்று அறிந்தேன். கட்டடம் தனியாருடையது. அதை நடத்துகிறவர்களுக்கு வருமானமும் குளிர்சாதன அறையும் வேண்டும் என்பது நியாயமே. ஆயினும், வேலை தொடங்குமுன் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும்.

தெருப்பக்கத் திண்ணைக்கு மேலுள்ள தளம் மெட்ராஸ் டெரஸ் முறையில் போடப்பட்டது. தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாக்காகக் குத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் தெளித்து நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியில் மேலே தட்டை ஓடுகளைப் பதிப்பார்கள். இப்படிப்பட்ட சுவரும் தளமும் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் இயல்புடையவை. சிமென்ட் பூசி மேலே தகடும் அடித்துவிட்டால், ஈரம் உள்ளேயே தங்கிச் சுவருக்குள் இருக்கும் கட்டைகளின் நுனியை உளுக்கச் செய்யும். அழகுக்காக மட்டும் நான் இந்த வேலையை எதிர்க்கவில்லை.

உள்கூடத்துக்கு மங்களூர் ஓட்டுக்கூரை. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கிறித்தவச் சபையான பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கி, பின்னர் கோழிக்கோட்டுப் பக்கமும் விரித்தது. சென்னையையும் மேற்குக் கரையின் பேப்பூரையும் போத்தனூர் வழியாக இணைத்த ரயில் பாதை 1862இலேயே முடிந்திருந்தது. பொள்ளாச்சிக்குக் கிளைப்பாதை 1915இல் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்த ஓடு கொங்குநாட்டுக்குள் பரவியதற்கு இந்தப் பாதைகளும் காரணம். சிற்றுண்டிக் கடை நடத்தத் தெரிந்த பாலக்காட்டுக் குடும்பங்களும் அதே திசையிலிருந்துதான் வந்தன. சமையற்கட்டு கிழக்குக் கடைசியில் இருக்கிறது. கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் ஆடிக்காற்று, சாப்பிடுகிறவர்கள் பக்கம் புகையைத் திருப்பாமல் வெளியே தள்ளிவிடும். மாடியில் நீட்டியிருக்கும் சிமென்ட் சன்ஷேடு பிற்காலச் சேர்க்கை. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, கூடத்தின் சிவப்பு ஆக்சைடு தரையில் குறுக்கே ஓடும் ஒரு வெளிறிய பட்டை. அங்கே ஒரு காலத்தில் சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப்புறம் பிராமணர்களுக்கு, இந்தப்புறம் மற்றவர்களுக்கு. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு இரண்டு பக்கமும் இடமில்லை. பக்கத்திலுள்ள குறுகிய சந்தின் பக்கம் பார்த்த சிறிய சன்னல்தான் அவர்களுக்கு, அதுவும் தனிக்குவளையில். சந்தைக்கு மாடு ஓட்டி வந்து, விடியற்காலை முதல் வெயிலில் நின்றவர்களும் அந்தச் சன்னலில்தான் காபி வாங்கிக் குடிக்க வேண்டும். தீண்டாமையைக் குற்றமாக்கிய மத்தியச் சட்டம் 1955இல் வந்தது. ஓட்டல் பலகைகளில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்க ஈரோட்டுப் பெரியார் 1957இல் கிளர்ச்சி நடத்தினார். பலகைகளில் எழுத்துப் போயிற்று, சுவர்களும் இடிந்தன. ஆனால் கொங்குநாட்டுச் சிற்றூர்த் தேநீர்க்கடைகளில் இரட்டைக்குவளை அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது.

பழைய கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று பேசுகிறவர்களில் பலர் தேக்குத் தூணையும் ஓட்டுக்கூரையையும் படமெடுத்துப் போடுகிறார்கள். அந்தத் தரைப்பட்டையை யாரும் படமெடுப்பதில்லை. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் நான் பட்டையையும் சன்னலையும்தான் கேட்பேன். ஓடு போன்ற ஓடு வேறு ஊர்களிலும் கிடைக்கும். இந்த ஊரில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் உட்கார விடப்படவில்லை என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சி அவை இரண்டும்தான்.

செலவு பெரிதல்ல. அந்தப் பட்டையின் அகலத்தை மட்டும் விட்டுவிட்டு இருபுறமும் டைல்ஸ் பதிக்கலாம். சன்னலைச் செங்கல் வைத்து அடைக்காமல் கண்ணாடி போட்டு வைக்கலாம். முகப்பில் தகடு அடிப்பதற்குப் பதிலாகச் சுண்ணாம்பு பூசலாம். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கோவைக் கட்டடக்கலைக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் இதைப் படித்தால், மாணவர்களை அழைத்து வந்து கட்டடத்தை முழுவதும் அளந்து வரையச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சன்னலில் குவளை நீட்டிய பெரியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் விரும்பினால், அவர்கள் சொல்வதையும் அந்த வரைபடத்தோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும். ஆடி முடிந்ததும் வேலை தொடங்கிவிடும் என்கிறார்கள்.